ஜெபிக்க முடியாத நாட்களில் என்ன செய்வது? சோர்ந்துபோன விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் சபையில் பலரும் சொல்லத் தவறும் செய்தி ஒன்று உண்டு: தொடக்கத்தில் இருந்த பரவசம் ஒரு கட்டத்தில் குறையும். வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரியும், உள்ளே ஒன்றும் இறங்காது. முழங்காற்படியிட்டால் வார்த்தை வராது. ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் நிற்பவர் கண்ணீரோடு பாடிக்கொண்டிருப்பார். நமக்கோ நெஞ்சு இறுகிக் கிடக்கும். "நான் மனந்திரும்பியது உண்மைதானா? என்னைப் போன்ற ஒருவனைத் தேவன் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?" என்ற கேள்வி அப்போதுதான் தலைதூக்கும். குடும்பத்தில் தான் மட்டும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. வீட்டில் சொன்னால் "அன்றைக்கே சொன்னோமே" என்பார்கள். சபையில் சொன்னால் "விசுவாசம் போதவில்லை" என்பார்களோ என்ற பயம். ஆகவே இரண்டு இடங்களிலும் சிரித்த முகத்தோடு நடமாடிவிட்டு, இரவில் தனியாக அழுவார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லியிருப்பவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து முடிக்க வேண்டிய அவசியமில்லை. வசனங்களைச் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து தந்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் சங்கீதத்தைத் திருப்பாடல்கள் என்றும், இராஜாக்களை அரசர்கள் என்றும் தேடினால் அதே பகுதிகளைக் காணலாம்.

தொடங்கும் முன் ஒன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் ஆர்வம் இல்லை, அன்றாட வேலைகூட ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவின் அடையாளம் அன்று. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் விசுவாசி, மனச்சோர்வு நோய்க்கும் மாத்திரை எடுக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவச மனநல உதவி இரவும் பகலும் தமிழிலும் கிடைக்கிறது, இலங்கையில் 1926. ஜெபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்லும் எவருடைய அறிவுரையையும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

முதல் படி: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

இதைப் படித்ததும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆவிக்குரிய பிரச்சினைக்குச் சோறும் தூக்கமுமா மருந்து? 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே அரசி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்று சொல்லிப் படுத்துவிடுகிறார். தேசத்தையே திருப்பிய தீர்க்கதரிசி தன்னைப் பற்றிப் பேசுகிற பேச்சு அது.

தேவன் அவருக்கு அனுப்பிய முதல் பதில் பிரசங்கமாக வரவில்லை. தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். அதற்காகத் தூதன் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. இரண்டாம் முறை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். போக வேண்டிய பயணம் வெகுதூரம் என்பதே அவன் சொன்ன காரணம். ஓரேப் மலையில் தேவன் எலியாவோடு பேசியது அதற்கு 40 நாட்களுக்குப் பின்புதான்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது எளிது. இரவு ஊழியம், முழு இரவு ஜெபம், உபவாசம் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். படுக்கையில் போனை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை பிரசங்கக் காணொளிகளைப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். சோர்ந்த மனம் அந்த நேரத்தில் ஆறுதலை விட்டுவிட்டு மிரட்டலை மட்டுமே பிடித்துக்கொள்ளும். மாலையில் அரை மணி நேரம் நடந்து வாருங்கள்.

இரண்டாம் படி: எது வலிக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். "ஆவிக்குரிய வாழ்க்கை சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் எங்கே கைவைப்பது என்று தெரியாது. ஒரே வாக்கியத்தில் குறிப்பாக எழுதுங்கள். "வேலைக்கான தேர்வில் மூன்றாம் முறையும் தோற்றேன், ஜெபித்தும் தோற்றேன்." "பழைய பழக்கத்துக்கே மறுபடி போய்விட்டேன்." "என்னோடு ஞானஸ்நானம் எடுத்தவள் இன்று வாலிபர் கூட்டத்தில் பேசுகிறாள், எனக்கு நாலு பேர் முன்னால் ஜெபிக்கக்கூட வரவில்லை." "அம்மாவுக்குச் சுகம் கேட்டேன், கிடைக்கவில்லை."

நான்கும் நான்கு வேறு காரியங்கள். முதலாவது ஏமாற்றம். இரண்டாவது பாவம். மூன்றாவது ஒப்பீடு. நான்காவது துக்கம். பாவத்துக்கு மருந்து அறிக்கையும் மன்னிப்பும். துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னால் அது கொடுமை. ஒப்பீட்டில் வாடுகிறவர் தன்னிடம் பாவம் இருக்கிறதோ என்று தோண்டிக்கொண்டே இருந்தால் வாட்டம்தான் கூடும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை நீட்டுவதால்தான் பலருடைய சோர்வு ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: குற்றஞ்சாட்டும் குரலையும் திருத்தும் குரலையும் பிரித்தறியுங்கள்

இங்கேதான் புதிய விசுவாசிகள் அதிகமாகக் குழம்புகிறார்கள். உள்ளே ஒரு குரல் கண்டிக்கிறது. அது பரிசுத்த ஆவியானவருடையதா, சத்துருவினுடையதா, அல்லது சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனதில் பதிந்துபோன ஏதோ ஒரு பெரியவரின் ஏச்சா?

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது இரண்டு துக்கங்களைப் பிரித்துக் காட்டுகிறார் (2 கொரிந்தியர் 7:10). தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்கும். லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்கும். இதை வைத்துச் சில சோதனைக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் குரல் குறிப்பாகப் பேசுகிறதா, மூட்டமாகப் பேசுகிறதா? ஆவியானவர் உணர்த்தினால், "நேற்று அவரிடம் பொய் சொன்னாய், போய்ச் சரிசெய்" என்பது போலச் செய்யக்கூடிய ஒன்று கையில் கிடைக்கும். குற்றஞ்சாட்டும் குரல், "நீ எப்போதுமே இப்படித்தான், நீ ஒரு வேஷக்காரன்" என்று ஆளையே சுருட்டி எறியும். அடுத்தது, அந்தக் குரலைக் கேட்டபின் கிறிஸ்துவிடம் போகத் தோன்றுகிறதா, அவரிடமிருந்து ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறதா? மூன்றாவது, அறிக்கை செய்து விட்டுவிட்ட பாவத்தையே அது திரும்பத் திரும்பக் கிளறுகிறதா?

மூன்றாவது கேள்வி சாதாரணமானதன்று. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1521இல் ஸ்பெயினின் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டு வீழ்ந்தவர். படுக்கையில் கிடந்தபோது மனம் மாறியவர். அடுத்த ஆண்டு மன்ரேசாவில் தங்கித் தவமிருந்தபோது, ஏற்கெனவே பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகம் அவரை விடாமல் வாட்டியது. மறுபடி சொல்வார், மறுபடி சந்தேகம் வரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை அது அவரைத் தள்ளியது. கடைசியில், பழைய பாவங்களைத் திரும்பத் திரும்பக் கிளறும் இந்தத் தூண்டுதல் நல்ல ஆவியிடமிருந்து வரவில்லை என்று உணர்ந்து, இனி அவற்றை மறுபடி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஆன்மீக வழிகாட்டியாக இருந்தவருக்கு நேர்ந்ததுதான் இது.

1 யோவான் 1:9 அறிக்கையிட்ட பாவத்துக்கு மன்னிப்பை உறுதியாகச் சொல்கிறது. அதே நிருபத்தின் 3:20 இன்னும் ஒரு படி போகிறது: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர். உங்கள் மனசாட்சி உச்ச நீதிமன்றம் அன்று. அதற்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் சகலத்தையும் அறிந்தபின்னும் உங்களை ஏற்றுக்கொண்டார்.

செய்ய வேண்டியது: நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அந்தக் குரல் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம் அதற்குப் பதிலாக ஒரே ஒரு வசனம். இது புதிய உத்தி இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனதைத் தாக்கும் எண்ணங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களைச் சக துறவிகளுக்காகத் தொகுத்துக் கொடுத்தார். வனாந்தரத்தில் இயேசு சோதனைக்காரனுக்கு "எழுதியிருக்கிறதே" என்று பதில் சொன்ன முறையைத்தான் அவர் பின்பற்றினார். வசனத்தை மனதுக்குள் நினைப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான்காம் படி: "நான் எம்மாத்திரம்" என்ற கேள்வியைத் தேவனிடமே கேளுங்கள்

தன்னையே நம்ப முடியாமல் தவிக்கிறவருக்கு இன்று எங்கும் கிடைக்கும் பதில், "உன்னால் முடியும், உன்னை நம்பு" என்பது. பிரசங்க மேடைகளிலும் இது புகுந்துவிட்டது. வேதத்தை உட்கார்ந்து படித்தால் தேவன் அப்படி யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தின் அரண்மனையில் வளர்ந்து, ஒரு கொலைக்குப் பின் ஓடி, மீதியானில் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த மனிதர். எரிகிற முட்செடியின் நடுவிலிருந்து அழைப்பு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பார்வோனிடத்துக்குப் போகவும், இஸ்ரவேல் புத்திரரை எகிப்திலிருந்து அழைத்துவரவும், நான் எம்மாத்திரம்" (யாத்திராகமம் 3:11). இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "மோசே, நீங்கள் அரண்மனையில் படித்தவர், எகிப்தியரின் மொழி தெரிந்தவர், உங்களைவிடத் தகுதியானவர் யார்?" என்றிருப்போம். தேவன் மோசேயின் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்றார். கேள்வி மோசேயைப் பற்றியது. பதில் தேவனைப் பற்றியது.

கிதியோனிடமும் இதுவே நடந்தது. மீதியானியருக்குப் பயந்து ஆலைக்கு அருகே ஒளித்துக் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தவர், "மனாசேயில் என் குடும்பம் மிகவும் எளியது, என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன்" என்றார். "நான் உன்னோடேகூட இருப்பேன்" என்பதுதான் அங்கும் பதில். எரேமியா தன்னைச் சிறுபிள்ளை என்றும் பேசத் தெரியாதவன் என்றும் சொன்னார். அவருக்கும் அதே வாக்கு. ஒரு செய்தியை மத்தேயு தன் கடைசி அதிகாரத்தில் துணிந்து எழுதியிருக்கிறார்: கலிலேயாவின் மலையில் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு சீஷர்கள் பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." சந்தேகப்பட்டவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் அவர் அனுப்பவில்லை. எல்லாரையும் சேர்த்தே அனுப்பினார். உலகத்தின் முடிவுபரியந்தம் உங்களுடனேகூட இருக்கிறேன் என்றார்.

தன்னம்பிக்கை குறைவதை நான் நல்லது என்று சொல்ல வரவில்லை. அது வாட்டி எடுக்கும் என்று தெரியும். ஆனால் அந்த வாட்டத்தைத் தன்னம்பிக்கையால் நிரப்பப் பார்த்தால், அடுத்த தோல்வி வரும்வரைதான் அது தாங்கும். கிறிஸ்தவ விசுவாசம் தாங்குபொருளையே மாற்றுகிறது. "நான் பலமாகப் பிடித்திருக்கிறேனா?" என்று கையைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட்டு, பிடித்திருப்பவரைப் பார்க்கச் சொல்கிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் கிடைத்தது.

மார்ட்டின் லூத்தர் வாழ்நாள் முழுவதும் இந்தப் போராட்டத்தை அறிந்தவர். பாவமும் மனசாட்சியும் வந்து நெருக்கும்போது, "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று பதில் சொல்ல வேண்டும் என 1529இல் வெளியிட்ட தம் உபதேச விளக்கத்தில் அவர் கற்பித்தார். தன் ஜெப வாழ்க்கையின் ஆழத்தையோ, உணர்ச்சியின் சூட்டையோ அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. தேவன் தனக்குச் செய்த ஒன்றைக் காட்டினார்.

இதைக் கைக்கொள்ள ஒரு வழி: உங்கள் ஞானஸ்நான நாளின் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். குழந்தையாக இருந்தபோது பெற்றிருந்தால் ஆலயப் பதிவேட்டில் கேட்டு அறியலாம். இன்னும் பெறாதவர், கிறிஸ்துவை ஆண்டவர் என்று முதலில் அறிக்கை செய்த சந்தர்ப்பத்தை எழுதலாம். அதன்கீழே, "நான் எம்மாத்திரம்?" என்ற மோசேயின் கேள்வியை உங்கள் சொந்தச் சூழ்நிலைக்கேற்ப எழுதுங்கள். "இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி மட்டும் விசுவாசியாக நிற்க, நான் எம்மாத்திரம்?" அதற்குக் கீழே அவர் கொடுத்த பதில். காலையில் ஒருமுறை படியுங்கள். உணர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் படியுங்கள்.

ஐந்தாம் படி: சொந்த வார்த்தை வராதபோது இரவல் வார்த்தையில் ஜெபியுங்கள்

ஒரு மணி நேர ஜெபம் முடியாவிட்டால் ஐந்து நிமிடம் ஜெபியுங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றைத் தேவனுடைய ஜனங்கள் ஆலயத்தில் பாடினார்கள். தேவனிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொல்லியிருந்தால், 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முறையீட்டை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதே விசுவாசத்தின் செயல்; நம்பாதவர் யாரிடம் முறையிடுவார்?

ஒரு வாரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். திங்கள் 13, செவ்வாய் 42, புதன் 43, வியாழன் 77, வெள்ளி 22, சனி 130, ஞாயிறு 103. ஒவ்வொன்றையும் மெதுவாக, சத்தமாக ஒருமுறை படித்தால் போதும். 42, 43 இரண்டிலும் ஒரே பல்லவி திரும்பி வருவதைக் கவனியுங்கள்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" சங்கீதக்காரன் தன் மனம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்காமல், தன் மனதோடு திருப்பிப் பேசுகிறான். ஒருமுறை பேசியதும் கலக்கம் போய்விடவும் இல்லை. மூன்று தரம் பேச வேண்டியிருந்தது.

அதுவும் முடியாத நாளுக்கு மாற்கு 9:24 இருக்கிறது. பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான். பிள்ளை சுகமானான். முழு விசுவாசத்தைச் சேர்த்துக்கொண்டு மறுநாள் வரும்படி இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆறாம் படி: பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள்

மேலே சொன்ன இஞ்ஞாசியார் தம் அனுபவத்திலிருந்து எழுதிவைத்த விதிகளில் ஒன்று இது: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றாதீர்கள். சபையை விடுவது, ஊழியத்திலிருந்து விலகுவது, நிச்சயித்த திருமணத்தை முறிப்பது, "இனி வேதமே வேண்டாம்" என்று ஒதுக்குவது போன்றவற்றை வெளிச்சம் திரும்பியபின் யோசிக்கலாம். எவாகிரியுஸும் தம் துறவிகளுக்கு இதையே சொன்னார். நண்பகலில் சூரியன் நகராதது போலத் தோன்றும்போது, அறையை விட்டு ஓடிவிடத் தோன்றும், ஓடாதே என்றார்.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களை அடிக்கிறார்கள், பணத்துக்காக மிரட்டுகிறார்கள், உடல்ரீதியாகத் துன்புறுத்துகிறார்கள் என்றால் இந்த விதி உங்களுக்கு இல்லை. இன்றே வெளியேறுங்கள். பொறுமை என்ற பெயரில் யாரும் அங்கே உங்களை நிறுத்தி வைக்க உரிமை இல்லை.

ஏழாம் படி: ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்

நம்மைச் சோதிக்கிறவன், கள்ளக்காதலனைப் போல எல்லாம் இரகசியமாக இருக்கவே விரும்புவான் என்றும் இஞ்ஞாசியார் எழுதினார். வெளியே சொன்னதும் அவன் பலம் பாதியாகிவிடும். யாரிடம் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். மற்றவர்களுடைய கதையை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் உங்களிடம் சொல்கிறவர், நாளை உங்கள் கதையையும் அப்படியே சொல்வார், அவர் வேண்டாம். தன் தோல்வியையும் மறைக்காமல் பேசுகிற, உடனே வசனம் எடுத்து வீசாமல் கேட்கத் தெரிந்த மூத்த விசுவாசி ஒருவர் எந்தச் சபையிலும் இருப்பார். பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பார். பெண்கள் நம்பிக்கையான மூத்த சகோதரி ஒருவரிடம் பேசுவது நல்லது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்படிக் கேட்கலாம்: "அக்கா, கொஞ்ச நாளாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. பதில் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு அரை மணி நேரம் கேட்டால் போதும். பிறகு எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் (லூக்கா 22:32). உங்களுக்காக வேறொருவர் விசுவாசித்து நிற்கும் காலமும் இருக்கும்.

எலியா, "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னார். பாகாலுக்கு முழங்கால் முடங்காத 7,000 பேர் இஸ்ரவேலில் இருப்பதைத் தேவன் அவருக்குச் சொல்லி, எலிசாவையும் துணைக்குக் கொடுத்தார். தனிமை நம்மிடம் சொல்லும் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

எட்டாம் படி: கூட்டத்தை விட்டு விலகாதீர்கள்

பாட வராவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். திருவிருந்தில் கை நீட்டுங்கள். தோமாவைப் பாருங்கள். பரங்கிமலையிலும் சாந்தோமிலும் தமிழகம் நினைவுகூரும் அதே தோமாதான். ஆணிகளின் காயத்தைக் காணாமல் விசுவாசிக்கமாட்டேன் என்று அவர் சொன்னபின், மற்றச் சீஷர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது, பூட்டிய அந்த வீட்டுக்குள் தோமாவும் இருந்தார். சந்தேகத்தோடு அங்கே இருந்ததால்தான் "என் ஆண்டவரே, என் தேவனே" என்று சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

சாட்சி சொல்ல வற்புறுத்தினால், "இப்போது கேட்கிறேன், பிறகு சொல்கிறேன்" என்று பணிவாக மறுத்துவிடலாம். அதற்குப் பதிலாகக் கையால் செய்யும் சிறிய வேலை ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்: நாற்காலி அடுக்குவது, படுக்கையில் இருக்கும் முதியவர் ஒருவருக்கு வாரம் ஒருமுறை வேதம் வாசித்துக் காட்டுவது.

இருள் விலகவே இல்லையென்றால்?

இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சிலருக்குச் சில வாரங்களில் தெளிந்துவிடும். சிலருக்கு ஆண்டுகள் ஆகும். கல்கத்தாவின் அன்னை தெரசா 1997இல் மறைந்தார். அவர் தம் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகமே திகைத்தது. தெருவில் சாகக்கிடந்தவர்களைத் தூக்கி எடுத்த அந்த ஏறக்குறைய 50 ஆண்டுகளில் பெரும்பகுதியும், தேவன் தம்மோடு இருப்பதை உள்ளத்தில் உணராமலே அவர் கடந்திருந்தார். அவர் ஜெபிப்பதை நிறுத்தவில்லை. ஏழைகளிடம் போவதையும் நிறுத்தவில்லை. 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. தேவனை உணர முடியாத நிலை தேவனால் கைவிடப்பட்ட நிலை ஆகாது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வேதத்திலேயே 88ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்றப் புலம்பல்கள் பலவும் முடிவில் துதிக்குத் திரும்பும்; இது திரும்பவில்லை, இருளிலேயே நிற்கிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் ஆவியானவர் வேதத்துக்குள் வைத்திருக்கிறார். மற்ற ஜெபங்கள் எதுவும் நாவில் வராத இரவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிந்தபின் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஆறுதலான காலத்தில் இருக்கிறவர், அடுத்து வரப்போகும் வறட்சிக்காக அப்போதே பலம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் இஞ்ஞாசியாரின் விதி. ஆகவே என்றாவது ஒரு காலையில் ஒரு வசனம் மறுபடி உள்ளே இறங்கினால், அதை உங்கள் சோர்வின் பக்கங்கள் இருக்கும் அதே நோட்டில் எழுதி, தேதியும் போடுங்கள். எந்த வசனம், யார் உடனிருந்தார்கள், எந்தப் படி உதவியது, எது உதவவில்லை என்று இரண்டு மூன்று வரிகள் போதும். நோட்டைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். அது உங்களுக்கு மறுபடி தேவைப்படலாம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்களைத் தேடி ஒருவர் வரும்போதும் தேவைப்படலாம்.